குழந்தைசாமியின் பிரேக் டிரம் அடுப்பு

கலீல் ரஹ்மானுக்கு இன்ஜின் தெரியாதவர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. அதை அவர் மறைத்துக்கொண்டதும் இல்லை. யுத்த காலத்தில் திருச்சியில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நான்கு வருஷம் தொழில் கற்றவர். ஓடுகிற இன்ஜின்மேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டு, "மூணாவது சிலிண்டர்ல வால்வு ஒழுங்கா மூடல" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் காதை நம்பித்தான், புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஒரு வருஷம் ஆகியிருந்த நாற்பத்தொன்பதில், கந்தர்வக்கோட்டை பஸ் முதலாளி அவரைத் தன் ஷெட்டுக்குத் தலைமை மெக்கானிக்காகக் கூட்டிவந்தார்.

ஷெட் தஞ்சாவூர் சாலையோரம் இருந்தது. செம்புறாங்கல் சுவர், தகரக் கூரை, மூன்று பஸ் நிற்கிற இடம். வந்த முதல் நாளே, ஒரு மூலையில் குந்தியிருந்து சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் அவர் கண்ணில் பட்டார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கண்ணுக்கு மேலே புருவம் இல்லை. இடது உள்ளங்கை ரேகையே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது, கூழாங்கல்லைப் போல.

"இது யாரு?" என்று டிரைவர் ஐயனாரைக் கேட்டார்.

"இவரா? கரி குழந்தைசாமி. கரி பஸ்ஸு ஓடுன காலத்துல அடுப்புக்கு ஆளு. இப்ப அடுப்பு போயிருச்சு, ஆளு மட்டும் மிச்சம்" என்று ஐயனார் சிரித்தார்.

குழந்தைசாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார். கலீல் சிரிக்கவில்லை, ஆனால் அதற்குமேல் அந்த ஆளைப் பற்றி நினைக்கவும் இல்லை.

யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, கையால் சுற்றுகிற புளோயர் ஒன்றை அரைமணி நேரம் சுற்றினால், கரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அந்த வாயுவைத்தான் இன்ஜின் குடித்து ஓடும். அதைக் கிளப்புவதற்கென்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓர் ஆள் உண்டு. ஆறு வருஷம் குழந்தைசாமி அந்த ஆளாக இருந்தார். விடியுமுன் எழுந்து கரி உடைப்பது, சாம்பல் தள்ளுவது, புளோயர் சுற்றுவது, வழியில் திணறி நின்றால் இறங்கிக் கம்பியால் குத்திவிடுவது எல்லாம் அவர் வேலை. பயணிகள் புதுக்கோட்டையில் ஏறித் தஞ்சாவூரில் இறங்கும்போது முகத்தில் கரியோடு இறங்குவார்கள். திட்டு முழுவதும் அவருக்கு. யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் பீப்பாய்களைக் கழற்றி ஷெட்டின் பின்னால் கருவேல மரத்தடியில் வீசினார்கள். குழந்தைசாமியை வீச மனம் வராமல், பஸ் கழுவ வைத்துக்கொண்டார்கள்.

ஐந்து வருஷம் அப்படியே போயிற்று. கலீல் அவரை "ஏப்பா குழந்தசாமி" என்று கூப்பிடுவார். அவர் கலீலை "பாய்" என்பார். அதற்குமேல் பேச்சுக்கு அவசியம் இருந்ததில்லை.

ஐம்பத்துநான்கு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பஸ்ஸின் இன்ஜின் பேரிங் தேய்ந்து, புதிதாக வார்க்கவேண்டியிருந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்த உலோகத்தைப் பட்டறைக்காரர்கள் வொயிட் மெட்டல் என்பார்கள். அதை இளக்கப் பதமான சூடு வேண்டும். இருந்த கரியெல்லாம் ஈரம். துருத்தி போட்டு ஊதினால் கண்ணீர்தான் வந்தது, சூடு வரவில்லை. இரண்டு நாளாகப் பஸ் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. கலீல் எரிச்சலில் கரண்டியை விட்டெறிந்தார்.

அப்போதுதான் குழந்தைசாமி துணியில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"பாய், ஒரு வார்த்தை."

"சொல்லு."

"தெனமும் இன்ஜினுலேருந்து எறக்கிக் கீழ ஊத்துறீங்களே கருப்பு ஆயிலு, அத எனக்குக் குடுங்க. அதுல அடுப்பு பத்தவச்சுத் தாரேன்."

"கருப்பு ஆயிலா? டயர எரிச்ச மாதிரி பொகையும்யா. ஊரே கூடிரும்."

"பொகைங்கிறது எரியாம தப்பிச்ச தீனி பாய். வேணுங்கிற மூச்ச குடுத்தா அதுவும் எரிஞ்சிரும்."

கலீல் நிமிர்ந்து பார்த்தார். திருச்சி ஒர்க்‌ஷாப்பில் ஒரு வெள்ளைக்கார சார்ஜென்ட் கரும்பலகையில் படம் போட்டு, சைலன்சரில் கரும்புகை வந்தால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று பொருள் என்று இரண்டு நாள் பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு நாள் பாடத்தை இந்த மனிதர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்.

"பின்னாடி கெடக்குறதுல என்ன வேணுமோ எடுத்துக்க. பஸ்ஸுல மட்டும் கை வைக்காத" என்றார்.

அந்தப் பஸ்ஸுக்கு மட்டும் தஞ்சாவூரிலிருந்து காய்ந்த கரி வரவழைத்து ஒருவழியாக வார்த்து முடித்தார்கள். கருவேல மரத்தடியில் பட்டாளத்து ஏலத்தில் வாங்கிய அமெரிக்க லாரி ஒன்றின் எலும்புக்கூடும் கிடந்தது. உருப்படியானதையெல்லாம் எப்போதோ கழற்றியாயிற்று. மற்றதைச் செடி மூடியிருந்தது. குழந்தைசாமி வேலை முடிந்த பிறகு தினமும் அங்கே போய்க் குந்திக்கொள்வார். எதையும் உடனே எடுக்கமாட்டார். ஒன்றைத் தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், திரும்பக் கீழே வைத்துவிடுவார். ஒரு வாரத்துக்குப் பிறகுதான் சாமான்கள் ஒவ்வொன்றாக ஷெட்டுக்குள் வந்தன. முதலில் லாரியின் பின்சக்கரத்துப் பிரேக் டிரம். முழங்கை ஆழமுள்ள வார்ப்பிரும்புச் சட்டி அது. அதைச் சுற்றி வைக்க, துளையிட்டு வளைத்த குழாய். எண்ணெய் சொட்டுவதற்கு ஒரு பெட்ரோல் டேங்கும், அதன் திருகு டேப்பும், செப்புக் குழாயும். புகைபோக்கிக்கு இரண்டு சைலன்சர் பைப். கடைசியாக, பழைய கரி பஸ்ஸின் கைப்புளோயர். அதை மட்டும் அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துரு நீக்கி எண்ணெய் போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் முறை பற்றவைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. கலீல் ஜும்ஆ தொழுகைக்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்ட நேரம். ஷெட்டிலிருந்து கரும்புகை எருமை மந்தை மாதிரி வெளியே வந்தது. கலீலின் சட்டையில் மிளகு தூவினாற்போல் புள்ளி. திரும்பப் போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போனார். அன்று சாயங்காலம் குழந்தைசாமி தப்பித்துப்போன புகைக்காக வருத்தப்பட்டாரே தவிர, சட்டைக்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாம் முறை அடுப்பு வெடித்தது. கழிவெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. சுட்ட இரும்பில் தண்ணீர் விழுந்ததும் எண்ணெயையும் சேர்த்து அள்ளி எறிந்தது. குழந்தைசாமியின் மிச்சமிருந்த ஒரு புருவமும் அன்றைக்குப் போயிற்று. அவருடைய மனைவி மூக்காயி ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த மனுசன வேண்டாம்னு சொல்லுங்க. மொகத்துல இன்னும் என்ன இருக்கு எரிய?"

கலீலுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் குழந்தைசாமி மனைவி பேசியதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கழிவெண்ணெயை ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி இருந்தார். நான்கு நாள் அந்தப் பாட்டிலை ஜன்னலில் வைத்திருந்தார். தண்ணீரும் மண்டியும் அடியில் தங்கி, எண்ணெய் மேலே தெளிந்தது. அதன்பிறகு எண்ணெயைப் பீப்பாயில் தெளியவிட்டு, மேல்மட்டத்திலிருந்துதான் எடுத்தார். செப்புக் குழாயை அடுப்புக்கு வருமுன் புகைபோக்கியைச் சுற்றி ஐந்து சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தார். எண்ணெய் சூடாகி, இளகி, தண்ணீர்போலச் சொட்ட வேண்டுமாம்.

மூன்றாம் முறை, மறு வருஷம் பங்குனி மாதத்து ஒரு காலை. டிரம்மில் ஒரு கை கரியைப் பற்றவைத்து, இரும்பு நன்றாகச் சுடும்வரை காத்திருந்தார். பிறகு டேப்பை நூலளவு திறந்தார். முதலில் புகைந்தது. அவர் புளோயரைச் சுற்றத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு சுற்றினார். நெருப்பு பொருமிற்று, இருமிற்று, பிறகு ஒரே சீராக உறுமத் தொடங்கிற்று. டேப்பை இன்னும் ஒரு மயிரிழை திருகினார். உறுமல் மெலிந்து, தேனீக்கூட்டின் ரீங்காரம்போல் ஆனது. அங்கே நிறுத்திவிட்டார்.

 கலீல் இன்ஜினுக்குக் காது வைக்கிற மாதிரி இந்த மனிதர் நெருப்புக்குக் காது வைக்கிறார்.

கலீல் வெளியே ஓடிப்போய்ப் புகைபோக்கியைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அணைந்துவிட்டதோ என்று உள்ளே வந்து பார்த்தால் டிரம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக நெருப்பு சுழன்றுகொண்டிருந்தது. மறுபடி வெளியே போனார். மேலே வானம் கொதிக்கிற மாதிரி நடுங்கிற்று, அவ்வளவுதான். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை ஒரு கழியில் கட்டி, புகைபோக்கியின் வாய்க்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்தார். இறக்கிப் பார்த்தார். ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. கரி என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

அப்புறம் விளையாட்டுக்கு ஓர் உடைந்த அலுமினிய பிஸ்டனை இடுக்கியால் பிடித்து நெருப்பில் வைத்தார். வொயிட் மெட்டல் மெழுகு மாதிரி, காய்ந்த கரி நெருப்பிலேயே உருகும், அலுமினியம் அப்படியல்ல. கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது. பிறகு தோள் தளர்ந்தவன் உட்காருவதைப் போலச் சரிந்து, டிரம்மின் அடியில் பால் மாதிரி பளபளவென்று பரவிற்று. ஆயிரக்கணக்கான மைல் ஓடிய இன்ஜினின் உள்ளே, அத்தனை வெடிப்பையும் தாங்கிய பிஸ்டன், ஊரார் காலில் ஒட்டாமல் தாண்டிப்போகிற அழுக்கெண்ணெயில் கூழாகிக் கிடந்தது.

"இத எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டார். 

"கத்துக்கலியே பாய். ஆறு வருசம் அது மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்ல."

அன்றுமுதல் ஷெட்டில் பேரிங் வார்க்க மழையும் வெயிலும் ஒன்றாயிற்று. கலீல் எல்லாரிடமும் அடுப்பைப் பற்றிச் சொன்னார். ஆனாலும் கூப்பிடும்போது "ஏப்பா குழந்தசாமி"தான். பழக்கம் அவ்வளவு லேசில் போவதில்லை.

அந்த வருஷம் கார்த்திகை நடுவில் புயல் வந்தது. ராஜாமடத்துப் பக்கம் கரையேறி மேற்கே வந்த அந்தப் புயலைப் பார்த்தவர்கள் இன்னும் ஐம்பத்தைந்தாம் வருஷக் காற்று என்றுதான் சொல்வார்கள். விடிந்து பார்த்தபோது கந்தர்வக்கோட்டையைச் சுற்றி முந்திரிக்காடு முழுவதும் ஒரே திசையில் தலை வாரினாற்போல் படுத்துக் கிடந்தது. கூரை வீடு ஒன்றுகூட நிற்கவில்லை. தஞ்சாவூர் சாலையிலும் புதுக்கோட்டைச் சாலையிலும் புளியமரங்கள் குறுக்கே விழுந்து, ஊர் தீவாகிவிட்டது. காற்று அடங்கியும் மழை விடவில்லை. ஷெட்டின் முன்பாதித் தகரம் பறந்துபோயிருந்தது. பின்பாதி எப்படியோ தங்கியது. சுற்றுப்பட்ட குடிசைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். உச்சிப்பொழுதுக்குள் இருநூறு பேருக்குமேல் ஆகிவிட்டது. அங்கே நின்ற இரண்டு பஸ்ஸுக்குள்ளும் ஆள், பஸ்ஸுக்கு அடியிலும் ஆள்.

பசிக்கு அரிசி இருந்தது. அரிசி மண்டியின் கூரை போய் மூட்டைகள் நனைந்துவிட்டன. மண்டிக்காரர், "ஊறிக் கெட்டுப்போறதுக்கு வயித்துக்குப் போகட்டும், தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். அண்டா இருந்தது, நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற அண்டாவைப் பள்ளிவாசலிலிருந்தும், பொங்கல் வைக்கிற அண்டாவை மாரியம்மன் கோவிலிலிருந்தும் ஐயனார் ஆள் வைத்துத் தூக்கி வந்தார். இல்லாதது நெருப்பு. விறகு, சுள்ளி, வைக்கோல், வறட்டி, எதைப் பிழிந்தாலும் தண்ணீர் வந்தது. சீமெண்ணெய் விளக்குக்கே இல்லை. நனைந்த பிள்ளைகள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தன.

கலீல் திரும்பிப் பார்த்தபோது குழந்தைசாமி ஏற்கெனவே அடுப்பின் முன் குந்தியிருந்தார். மூலையில் தெளிந்த கழிவெண்ணெய் இரண்டு பீப்பாய் நின்றது. பஸ் சீட்டின் உள்ளே இருந்த காய்ந்த தேங்காய் நாரைப் பிடுங்கி, அதில் டிரம்மைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

அடுப்பு ரீங்கரிக்கத் தொடங்கியதும் ஜனம் அதைச் சுற்றிக் கூடிவிட்டது. மழையில் கரைந்த ஊரில் ஒரேயொரு நெருப்பு அது. அண்டாவில் தண்ணீர் கொதித்தது. மூக்காயி அரிசியைக் கொட்டிக் கிண்டினாள். புகைபோக்கியைச் சுற்றிப் பெண்கள் பிள்ளைகளின் துணியைக் காயவைத்தார்கள். கைக்குழந்தைகளைச் சூடு படுகிற தூரத்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் அண்டா கஞ்சி இறங்கியபோது உப்பு இல்லை என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை.

சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. நான்கைந்து ஆண்கள் சேர்ந்து பெரிய கதவை இழுத்து மூடப் போனார்கள். குழந்தைசாமி எழுந்து ஓடி நடுவில் நின்றார்.

"மூடாதீங்க. ரெண்டு முழம் தெறந்தே கெடக்கட்டும். அங்கிட்டு ஜன்னலையும் தொறங்க."

"பிள்ளைங்க நனையுதுல்ல? ஒமக்கென்ன, நெருப்போரம் குந்தியிருக்கீரு!" என்று ஒருவர் கத்தினார்.

குழந்தைசாமி அதுவரை யாரிடமும் உரத்துப் பேசி கலீல் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"நாப்பத்துநாலுல என்கூட ராமுன்னு ஒருத்தன் வேல பாத்தான். இதே மாதிரி மழ. பஸ்ஸுக்குள்ள படுத்தான். கரி பீப்பாய்ல கொஞ்சம் கங்கு கெடந்துச்சு. குளிருதுன்னு எல்லா ஜன்னலையும் அடச்சுக்கிட்டான். காலைல எழுப்பப் போறேன், மொகம் செவந்து பளபளன்னு இருக்கு, மாப்பிள்ள மாதிரி. தொட்டா சில்லுன்னு கெடக்கான். பொகை இல்ல, வாட இல்ல, ஒண்ணுமே இல்ல. அப்புடித்தான் கொல்லும் இந்த நெருப்போட நச்சுக்காத்து. பிள்ளைங்க நனஞ்சா காய வைக்கலாம்யா."

கதவு திறந்தே இருந்தது. தகரத் துண்டுகளைச் சாய்த்து வைத்துச் சாரலை மட்டும் தடுத்தார்கள். புகை வராத அடுப்புக்கு இத்தனை உயரப் புகைபோக்கி எதற்கு என்று தான் ஒருமுறை கேலி செய்தது கலீலுக்கு நினைவு வந்தது. எதற்கென்று இப்போது தெரிந்தது.

மறுநாள் பிற்பகலில் புளோயர் கிறீச்சிட்டது. கலீலுக்கு அந்தச் சத்தமே போதும்; அச்சுத் தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்து போய்விட்டது. இன்னும் பத்துச் சுற்று சுற்றினால் தண்டு இறுகிவிடும். அடுப்பில் அன்றைக்கு இரண்டாவது அண்டா பாதிக் கொதியில் இருந்தது. வெளியே இன்னும் மழை.

"நிறுத்து! புஷ் போச்சு" என்று கத்தினார்.

"நிறுத்துனா அடுப்பு போயிரும் பாய். திரும்பப் பத்தவைக்கச் சீட்டு நாருகூட மிச்சமில்ல."

 கலீலுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டது.

"எவ்வளவு நேரம் உயிரோட வச்சிருப்பே?"

"ஒரு மணி நேரம் வச்சிருக்கேன்."

குழந்தைசாமி டேப்பைத் திருகி எண்ணெயைத் துளித்துளியாகக் குறைத்தார். கலீல் புளோயரைக் கழற்றினார். பழைய துருத்தியின் தோல் மழையில் நைந்துபோயிருந்ததால், மூக்காயியும் மூன்று பெண்களும் முறத்தை எடுத்துக்கொண்டு காற்றுக் குழாயின் வாயில் மாறி மாறி வீசினார்கள். அடுப்பு கரும்புகை கக்கிற்று, ஆனால் சாகவில்லை. பழைய பேரிங் துண்டுகளை இரும்புக் கரண்டியில் போட்டு, கலீல் அதே நெருப்பில் பிடித்தார். உருகும் உலோகத்தில் ஒரு துளி ஈரம் பட்டாலும் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். ஆகவே புளோயரின் கூட்டையும் நெருப்போரம் வைத்து உலர்த்தினார். தண்டில் உலோகம் ஒட்டாமலிருக்க அதற்குக் கரி பூசவேண்டும். அவர் கேட்குமுன்பே குழந்தைசாமி தண்டை வாங்கி, அந்தப் புகையில் காட்டிக் கருக்கிக் கொடுத்தார். "பொகைக்கும் ஒரு வேல வந்துச்சு" என்றார்.

தண்டை நடுவில் நிறுத்தி, அடியைக் களிமண்ணால் அடைத்து, அதையும் நெருப்பில் காயவைத்து, கலீல் ஊற்றினார்.  ஆறியதும் தண்டைத் தட்டி எடுத்து, பிசிறைச் சுரண்டி, எண்ணெய் தடவி மாட்டினார். கைப்பிடியைத் தொட்டதும் வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றிற்று. குழாயில் சேர்த்தார்கள். கரும்புகை ஒரு முறை சுழன்றது. யாரோ உறிஞ்சிக்கொண்டதைப் போல மறைந்தது. ரீங்காரம் திரும்பி வந்தது. ஷெட் முழுக்கக் குலவைச் சத்தம் எழுந்தது.

தன்னைத் தானே பழுது பார்த்துக்கொண்ட ஓர் அடுப்பைக் கலீல் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டாளத்தில் அவர் டாங்கி பார்த்திருக்கிறார். விமானத்து இன்ஜினைத் தொட்டிருக்கிறார். அவற்றையெல்லாம் யாரோ படித்தவர்கள் எங்கோ வரைந்து, பெரிய தொழிற்சாலைகளில் செய்தார்கள். இதை, செடி மூடிக் கிடந்த லாரியின் மிச்சத்திலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர், நெருப்பு என்ன கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்டே செய்திருந்தார்.

"அண்ணே, தள்ளிக்குங்க. கொஞ்ச நேரம் நான் சுத்துறேன்" என்றார்.

குழந்தைசாமி திரும்பிப் பார்த்தார். யாரைச் சொல்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. "ஒங்க கையி எதுக்கு பாய்" என்று இழுத்தார். கலீல் அதற்குள் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

நான்காம் நாள் மரங்களை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு தாசில்தார் ஜீப்பில் வந்தார். அங்கங்கே ஜனம் பச்சரிசியை ஊறவைத்து மென்றுகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தவர், இங்கே இருநூறு பேர் சுடுகஞ்சி குடிப்பதைப் பார்த்து இறங்கி நின்றுவிட்டார். மூன்று நாளில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று ஐயனார் சொன்னார். தாசில்தார் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கலீலிடம் கையை நீட்டினார்.

"ரொம்பப் பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க மிஸ்டர்."

"நான் இல்லீங்க. அவரு" என்றார் கலீல்.

தாசில்தாரின் கை நீட்டியபடியே திரும்பிற்று. குழந்தைசாமி தன் கையை வேட்டியில் துடைத்தார், இன்னொரு முறை துடைத்தார், பிறகும் நீட்டாமல் கும்பிட்டார். "இதோட தத்துவம் என்னய்யா?" என்று தாசில்தார் கேட்டதற்கு, "நெருப்பும் நம்மள மாதிரிதாங்க. வயிறு நெறயத் தின்னுட்டு மூச்சு முட்டக்கூடாது" என்றார். தாசில்தார் சிரிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு குழந்தைசாமிக்குப் பஸ் கழுவ நேரம் இல்லை. அடுத்த ரம்ஜானுக்கு முன் பள்ளிவாசல்காரர்கள் கஞ்சிக்கு ஒன்று கேட்டார்கள். கோவிலுக்கு ஒன்று. புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலுக்கு ஒன்று. ஒன்றுபோல் இன்னொன்றை அவர் செய்ததில்லை. கிடைத்த சாமானுக்குத் தக்கபடி அடுப்பு மாறும். கலீல் கூடவே போய் டேப்பும் புஷ்ஷும் பார்த்துக் கொடுப்பார். ஜன்னலில்லாத சமையலறையில் வைக்கக் கேட்ட ஒரு பெரிய வீட்டுக்காரரிடம் குழந்தைசாமி, "மொதல்ல செவத்த ஒடைங்க, அப்பறம் வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர்கள் உடைத்தார்கள்.

அறுபத்திரண்டில் மூக்காயி காலமானாள். குழந்தைசாமி அரிமளத்தில் இட்லிக் கடை வைத்திருந்த மகள் ராசாத்தியோடு போய்த் தங்கினார். மறு வருஷம் அந்தப் பக்கம் பிரேக்டவுன் ஆன பஸ்ஸைப் பார்க்கப் போன கலீல், வேலை முடிந்து, சட்டை மாற்றிக்கொண்டு, கடையைத் தேடிப் போனார்.

கடைக்குப் பின்னால், திறந்த கொட்டகையில், இட்லிப் பானையின் கீழே அந்த ரீங்காரம் கேட்டது. ஜீப்பின் பிரேக் டிரம், ஜீப்பின் சைலன்சர், அதுவரை தெரிந்ததுதான். ஆனால் புளோயரைக் காணோம். குழந்தைசாமி கொஞ்ச தூரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றுவதற்குக் கைப்பிடியும் இல்லை, சுற்ற ஆளும் இல்லை. நெருப்பு தானாக எரிந்துகொண்டிருந்தது, பொட்டுப் புகையில்லாமல்.

"அண்ணே, காத்து எங்கேருந்து வருது?" என்றார் கலீல். நலம் விசாரிக்கக்கூட மறந்துபோயிற்று.

"அதுவா வருது."

"அதுவான்னா?"

குழந்தைசாமி புகைபோக்கியைக் காட்டினார். அது கொட்டகைக்கு மேலே, குழாய்மேல் குழாயாக, தென்னைக்குச் சமமாக உயர்ந்து நின்றது. "கை வலிக்குது பாய். பொகைபோக்கிய ஒசத்தி, சூடு மேல போறதுக்கு நல்ல வழியா விட்டேன். சூடு மேல போறப்ப கீழேருந்து காத்தத் தானா இழுத்துக்கிட்டுப் போகுது. இத்தன வருசமா வீணாச் சுத்தியிருக்கோம்."

கலீல் சலவைச் சட்டையோடு மண்ணில் மண்டியிட்டு, ஒரு கன்னம் தரையில் படுகிற மாதிரிக் குனிந்து அடுப்பின் அடியில் பார்த்தார். டிரம்முக்குக் கீழே விரல் அகலத்துக்குச் சுற்றிலும் இடைவெளி. ஒரு காய்ந்த வேப்பிலையை அதன் அருகே வைத்தார். இலை ஒரு கணம் நின்றது; பிறகு தானாக நகர்ந்து, நெருப்பை நோக்கி ஓடிற்று. இன்னோர் இலையைத் தேடி எடுத்து வைத்தார். அதுவும் ஓடிற்று.

"மாமா, எலை போட்டாச்சு, இட்லி வச்சுட்டேன்" என்று ராசாத்தி உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"வாரேன் தாயி, வாரேன்" என்றார் கலீல், மூன்றாவது இலையைப் பொறுக்கிக்கொண்டே.